வலியைத் தட்டித் தூங்கவைக்கலாமா?



ஆசிரியர் அறைகளில் அண்மைக்காலமாக ஒரு புதிய ஒலி கேட்கிறது. திருத்தவேண்டிய பயிற்சிநூல்களுக்கு நடுவே, கைப்பேசியோடு சேர்ந்து இன்னொரு பொருளும் மின்னூட்டம் பெற்றுக்கொண்டிருக்கிறது. ஓய்வுநேரத்தில் ஒருவர் தம் தோளில் அதை வைத்து அழுத்துகிறார். அடுத்தவர் கேட்டு வாங்கிக்கொள்கிறார். வீடுகளிலும் இதே காட்சிதான். 'மசாஜ் கன்' என்னும் கையடக்கக் கருவியைத்தான் சொல்கிறேன். நல்ல தமிழில் இதைத் 'தசைத்தட்டி' என்று சொல்லலாம். துப்பாக்கியின் வடிவம் இருப்பினும் இது செய்யும் வேலை தட்டுவதுதான்.

இக்கருவியைப் பயன்படுத்தாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. வலி என்றால் என்ன என்று கேட்கும் பழக்கத்தையே இக்கருவி நம்மிடமிருந்து பறித்துக்கொண்டிருக்கிறது என்பதே என் குற்றச்சாட்டு. அதை இங்கே விளக்க விரும்புகிறேன்.

முதலில் கருவியைப் பற்றிச் சில செய்திகள். அமெரிக்காவில் கைரோபிராக்டராகப் பணியாற்றிய ஜேசன் வெர்ஸ்லண்ட் என்பவர் 2007ஆம் ஆண்டில் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கினார். தம் வலியைத் தணிக்க, மின்கருவி ஒன்றை மாற்றியமைத்துத் தட்டும் கருவி ஒன்றை உருவாக்கிக்கொண்டார். 'தெராகன்' என்னும் பெயரில் அது 2016ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. பின்னர்ப் பல நிறுவனங்கள் இத்துறையில் இறங்கின. இன்று நம் நாட்டு இணைய அங்காடிகளில் 50 ரிங்கிட்டுக்கும் கிடைக்கிறது. 1,000 ரிங்கிட்டைத் தாண்டியும் விற்கிறது. உள்ளே இருக்கும் மின்னோடி, முனையிலுள்ள உருண்டையை நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,700 முதல் 3,200 முறை வரை முன்னும் பின்னும் இயக்குகிறது. அடியின் ஆழம் பெரிய கருவிகளில் 10 முதல் 16 மில்லிமீட்டர் வரை இருக்கும். சிறியவற்றில் அதைவிடக் குறைவு.

என் மைத்துனர் வாங்கிவைத்திருந்த கருவியை நான்கு வாரங்கள் வீட்டில் பயன்படுத்திப் பார்த்தேன். நாள் முழுதும் நின்று பாடம் நடத்திய மாலைகளில், கெண்டைக்காலில் இரண்டு நிமிடங்கள் வைத்தேன். இறுக்கம் தளர்ந்தது, நடை இலேசானது. விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சியில் மாணவர்களோடு ஓடிய மறுநாள் தொடையில் வைத்தேன். அப்போதும் நன்மை தெரிந்தது. பழக்கமில்லாத உடற்பயிற்சிக்குப் பின் ஒன்றிரண்டு நாள்களில் உச்சத்தை அடைந்து தானே அடங்கும் தசைவலிக்கு இது ஏற்றதுதான். ஆனால், பல ஆண்டுகளாக என்னோடு இருக்கும் வலத்தோள் வலி வேறு கதை சொன்னது. கருவியை வைத்திருக்கும்வரை வலி இல்லை. எடுத்த அரைமணி நேரத்தில் திரும்ப வந்துவிட்டது. நான்காம் வாரத்திலும் அதே அரைமணி நேரந்தான்.

இதன் காரணம் அறிவியலில் உண்டு. 1965ஆம் ஆண்டில் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் ஆகிய இருவரும் வலியைப் பற்றி 'வாயில் கட்டுப்பாடு' என்னும் கோட்பாட்டை வெளியிட்டனர். தொடுதல், அழுத்தம், அதிர்வு ஆகிய உணர்வுகள் தண்டுவடத்தை அடையும்போது, வலியுணர்வு மூளைக்குச் செல்லும் வாயில் ஓரளவு மூடிக்கொள்கிறது என்பது அதன் சாரம். நுணுக்கங்கள் பின்னாளில் திருத்தப்பட்டாலும் அடிப்படை இன்றும் நிற்கிறது. முழங்காலை இடித்துக்கொண்ட குழந்தைக்கு அவ்விடத்தைத் தேய்த்துவிடுகிறோமே, அதுவும் இதுதான். தேய்த்ததால் காயம் ஆறிவிடுவதில்லை. அழுகை மட்டும் நிற்கிறது.

ஆய்வுகள் சொல்வதும் அளவானதே. ஆஸ்திரியாவின் கிராஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வில், 16 ஆடவரின் கெண்டைக்காலில் ஐந்து நிமிடங்கள் இக்கருவியைப் பயன்படுத்தினர். கணுக்கால் மடங்கும் அளவு ஏறத்தாழ 5 பாகை கூடியது. தசையின் வலிமையில் மாற்றமில்லை. நல்ல முடிவுதான். ஆனால் அவர்கள் நலமுள்ளவர்கள். அளந்ததோ தசையின் நெகிழ்ச்சியை. தேய்ந்த எலும்பு மூட்டையோ நசுங்கிய நரம்பையோ அது குணப்படுத்தும் என்று அந்த ஆய்வு கூறவில்லை.

விற்பவர்களோ கூசாமல் கூறுகிறார்கள்! முதுகுத்தண்டு வட்டு விலகலா? தீரும். மூட்டுத் தேய்வா? தீரும். நரம்புத் தளர்ச்சியா? அதுவும் தீரும். நம் நாட்டில் 2012ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிச் சட்டம் நடப்பில் உள்ளது. நோயைக் குணப்படுத்துவதற்கென்று விற்கப்படும் கருவி முறைப்படி பதிவு செய்யப்படவேண்டும். ஆகவே விற்பவரிடம் ஒரே ஒரு வினா கேளுங்கள்: "உங்கள் கருவி நோயைத் தீர்க்கும் என்றால், அதன் பதிவெண் எங்கே?" பதிவெண் இல்லையென்றால் அது உடற்களைப்பைப் போக்கும் ஒரு பொருள் மட்டுமே. அப்படியே சொல்லி விற்கட்டும். நாமும் அப்படியே வாங்குவோம்.

இனி, கேடு எங்கே இருக்கிறது என்று பார்ப்போம்.

நீரிழிவு நம் சமூகத்தை விட்டு விலகாத நோய். 2023ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டு. இந்தியர்களிடையே அந்த அளவு மற்ற இனத்தவரைவிட மிகுதி என்பது நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. நீண்டநாள் நீரிழிவால் பாதத்தின் உணர்வு மங்கிவிடும். "கால் மரத்துப்போகிறது" என்று சொல்லும் பாட்டிக்குப் பேரன் அன்போடு இக்கருவியை வைக்கிறான். அதிகம் அழுத்துகிறோம் என்று சொல்லவேண்டிய உணர்வே பாட்டிக்கு இல்லை. தோல் கன்றினாலும் தெரியாது, புண்ணானாலும் தெரியாது. அந்தப் புண் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நம் குடும்பங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

இன்னொன்று. மாரடைப்பின் வலி நெஞ்சில் மட்டுமே வரும் என்பதில்லை. தோள், கை, கழுத்து, தாடை ஆகிய இடங்களிலும் வரும். நீரிழிவு உள்ளவர்களுக்கு அது மிக மெல்லியதாகவும் இருக்கலாம். இடத்தோளில் திடீரென்று எழுந்த வலியைத் 'தசைப்பிடிப்பு' என்று நாமே முடிவுகட்டிக் கருவியை வைத்தால், மருத்துவமனையில் இருந்திருக்கவேண்டிய நேரம் வரவேற்பறை நாற்காலியில் கழிந்துவிடும்.

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடேறி, கெண்டைச் சதை வலித்தால், உள்ளே இரத்தம் உறைந்திருக்கக்கூடும். அதைத் தட்டினால் உறைகட்டி பெயர்ந்து நுரையீரலுக்குச் செல்லும் ஆபத்து உண்டு. கழுத்தின் முன்புறமும் பக்கவாட்டும் மூளைக்கு இரத்தம் செல்லும் பாதைகள். கழுத்தில் இக்கருவியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திய 27 வயதுப் பெண்ணுக்குத் தண்டெலும்புத் தமனியின் உட்சுவர் கிழிந்த நிகழ்வு 2022ஆம் ஆண்டில் மருத்துவ இதழ் ஒன்றில் பதிவாகியுள்ளது. இத்தகையவை அரியவைதாம். ஆயினும், அன்றாடம் கழுத்தில் வைத்து அழுத்தும் நாம் அறிந்திருக்கவேண்டியவை. பல கருவிகளின் கையேடுகளிலேயே நரம்புப் பாதிப்புள்ள நீரிழிவு, கருவுற்றிருத்தல், இதய முடுக்கி, அண்மைய அறுவைச் சிகிச்சை, வட்டு விலகல் ஆகியவை எச்சரிக்கைப் பட்டியலில் இருக்கின்றன. பெட்டியைத் திறந்தவுடன் நாம் தூக்கியெறிவது அந்தக் கையேட்டைத்தான்!

மாணவர்களுக்கு வருகிறேன். "பிள்ளை தோள் வலிக்கிறது என்கிறான், இரவில் மசாஜ் கன் வைத்துவிடுகிறேன்" என்று ஒரு தாயார் என்னிடம் கூறினார். அவர் அன்பில் எனக்கு ஐயமில்லை. ஆனால், எட்டு வயதுப் பிள்ளைக்குத் தோள் ஏன் வலிக்கவேண்டும்? புத்தகப்பையின் எடை உடலெடையில் 10 முதல் 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் அறிவுரை. 25 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது இரண்டரைக் கிலோ முதல் ஐந்து கிலோ வரை. உங்கள் பிள்ளையின் பையை இன்றிரவே நிறுத்துப் பாருங்கள். புத்தகப்பையின் சுமையைக் குறைக்கக் கல்வியமைச்சு 2022ஆம் ஆண்டில் பல நடவடிக்கைகளை அறிவித்தது. அவை உங்கள் பள்ளியில் எந்த அளவு நடைமுறையில் உள்ளன என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எத்தனை பேர் கேட்டோம்? பையின் சுமையை அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளையின் தோளைத் தட்டிக்கொடுப்பது மருத்துவமா? வளரும் பிள்ளையின் எலும்பும் தசையும் இக்கருவிக்குச் சோதனைக்களம் அல்ல. பிள்ளைக்கு வலி தொடர்ந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

ஆசிரியர்களின் நிலையும் இதுவே. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் மே 16ஆம் நாள் ஆசிரியர் தினத்தன்று எல்லா ஆசிரியர்களுக்கும் இக்கருவியை அன்பளிப்பாக வழங்கினார்கள். நல்லெண்ணந்தான். ஆனால் அதே பள்ளியின் ஆசிரியர் அறையில் சாய்வு உடைந்த நாற்காலிகள் இருக்கின்றன. நாற்பது பயிற்சிநூல்களை ஒரே தோளில் சுமந்துகொண்டு மாடிப்படி ஏறுகிறோம். உயரம் குறைந்த மேசையில் குனிந்து திருத்துகிறோம். இரவில் மடிக்கணினியை மடியிலேயே வைத்துக்கொண்டு பதிவுகளை நிரப்புகிறோம். இவ்வளவும் செய்துவிட்டு, வலியை அடக்கும் கருவியை நம் கையிலேயே கொடுத்தால், வலி நம் சொந்தக் குறை என்றாகிவிடுகிறது. நாற்காலியைப் பற்றிப் பேசவேண்டிய கூட்டத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. என் தோள்வலியைக் குறைத்தது எது தெரியுமா? மேசையின் உயரத்தைக் கூட்டியதும், பயிற்சிநூல்களை இரண்டு பைகளாகப் பிரித்ததும், இயன்முறை மருத்துவர் கற்பித்த மூன்று எளிய பயிற்சிகளுமே. அவற்றுக்கு மின்னூட்டம் தேவைப்படவில்லை.

"மருத்துவரைப் பார்க்க நேரமும் பணமும் வேண்டாமா?" என்று சிலர் கேட்கலாம். அரசாங்கக் கிளினிக்கில் மலேசியக் குடிமக்களுக்கான கட்டணம் ஒரு ரிங்கிட். காத்திருக்கவேண்டும் என்பது உண்மையே. இரண்டு மணிநேரக் காத்திருப்புக்கு அஞ்சி இரண்டு ஆண்டுகள் வலியோடு வாழ்வதை நான் சிக்கனம் என்று ஏற்கமாட்டேன். "நம் பாட்டிமார் எண்ணெய் தேய்த்து நீவிவிடவில்லையா?" என்றும் கேட்கலாம். நீவினார்கள், ஆனால் அந்தக் கைக்கு உணர்வு இருந்தது. வீக்கத்தைத் தொட்டவுடன், "இது வேறு மாதிரி இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போ" என்று சொல்லும் அறிவு இருந்தது. நிமிடத்திற்கு மூவாயிரம் முறை தட்டும் இயந்திரத்திற்கு அது இல்லை. அந்த அறிவை நாமே வைத்துக்கொள்ளவேண்டும்.

ஆகவே, கருவியை வைத்திருப்போர் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்:

1. தொடை, கெண்டை, பிட்டம் போன்ற சதைப்பற்றுள்ள இடங்களில் மட்டும், குறைந்த வேகத்தில், ஓரிடத்திற்கு இரண்டு நிமிடங்களுக்கு மிகாமல் பயன்படுத்துங்கள்.

2. கழுத்து, முதுகெலும்பு, மூட்டு, நரம்புச் சுருட்டல் உள்ள கால், வீங்கிய இடம் ஆகியவற்றில் வைக்க வேண்டா.

3. நீரிழிவு உள்ளவர்களும், இரத்தம் உறையாமைக்கு மருந்து உண்பவர்களும், கருவுற்ற தாய்மார்களும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டா.

4. வலி இரண்டு வாரங்களைக் கடந்தாலும், இரவில் தூக்கத்தைக் கெடுத்தாலும், காய்ச்சலோடு வந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். மரத்துப்போதலோ வலுவிழப்போ சேர்ந்திருந்தால் தாமதிக்க வேண்டா. நெஞ்சு, தோள், தாடையில் திடீர் வலி என்றால் உடனே 999ஐ அழையுங்கள்.

5. மாணவர்களுக்குப் பயன்படுத்துவதற்குமுன் புத்தகப்பையை நிறுத்துப் பாருங்கள். நிறுத்தபின் கருவியை எடுக்கவேண்டிய தேவையே இராது.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திற்குச் செல்லும்போது இரண்டு வினாக்களைக் கொண்டுசெல்வோம். நம் பிள்ளைகளின் பை எத்தனை கிலோ? நம் ஆசிரியர்களின் நாற்காலி எந்த நிலையில் இருக்கிறது? இவ்விரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால், அடுத்த ஆசிரியர் தினத்திற்கு என்ன வாங்கலாம் என்பதும் தெளிவாகிவிடும்.