சிறுத்த கேமராவும் குறுகிய சாளரமும்

எஸ்.எல்.ஆர். கேமராவின் மகத்துவமெல்லாம், படமாகப்போகும் காட்சியை மின்திரையின் தயவின்றி, லென்ஸின் வழியாகவே நம் கண் நேரில் காண்கிறது என்பதில் அடங்கியிருக்கிறது. லென்ஸினுள் புகும் ஒளியைச் சாய்ந்து நிற்கும் ஒரு கண்ணாடி மேல்நோக்கித் திருப்பிவிட, அங்கே விழும் பிம்பத்தைப் பட்டகம் ஒன்று நேராக்கி, வியூஃபைண்டர் என்னும் சிறு சாளரத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது. பொத்தானை அழுத்திய கணமே கண்ணாடி எழும்பி வழிவிட, ஒளி பின்னாலுள்ள சென்சாரில் பதிகிறது. இத்தனை ஏற்பாடுகளுக்கும் உள்ளே இடம் வேண்டியிருப்பதால், இவ்வகைக் கேமரா பருத்தும் கனத்தும் இருப்பது அதன் சுபாவமாகவே கருதப்பட்டு வந்தது.

அந்தச் சுபாவத்தை மாற்ற முனைந்த டிஜிட்டல் காலத்துப் பிரயத்தனங்களில், 2013-இல் கானன் கொண்டுவந்த 100டி என் அபிப்பிராயத்தில் மிகத் துணிச்சலானது. பேட்டரியும் மெமரி கார்டும் சேர்த்தே 407 கிராம் எடையுள்ள அந்தக் கேமராவில், உடல் மட்டுமே 820 கிராம் கனக்கும் அதே நிறுவனத்தின் 7டி-யில் இருந்த அதே 22.3-க்கு 14.9 மில்லிமீட்டர் அளவுள்ள சென்சார் அமைந்திருந்தது. எடை பாதியாயிற்று, ஒளியை வாங்கும் பரப்பு அணுவளவும் குறையவில்லை. நீண்ட யாத்திரை போகிறவர்களுக்கும், கை சிறுத்த மாணவ மாணவியருக்கும் இது எத்தகைய சௌகரியம் என்பதை விளக்க வேண்டியதில்லை. அதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. பெரிய கேமராவைக் கண்டதும் சந்தையில் கீரை விற்கும் மூதாட்டி முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறாள். எந்த முகத்துக்காக நாம் நின்றோமோ அந்த முகம் அக்கணமே மறைந்துபோகிறது. கைக்குள் அடங்கும் கருவியோ மனிதரை அவ்வளவாக மிரட்டுவதில்லை. தெருவையும் குடும்பத்தையும் படமெடுக்க விரும்புகிறவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே சிறிய கேமராவை நாடுவது முற்றிலும் நியாயம்.

ஆனால் சிறுக்க வைத்தவர்கள் எதைக் குறைத்துச் சிறுக்க வைத்தார்கள் என்று பார்க்கும்போதுதான் மனம் வருந்துகிறது. கனமான கண்ணாடிப் பட்டகத்தை எடுத்துவிட்டு, அதனிடத்தில் சிறு ஆடிகளை ஒட்டிய வெற்றுக் கூடு ஒன்றை வைத்தார்கள். எடையும் செலவும் குறைந்தன. கூடவே சாளரத்தின் பிரகாசமும் குறைந்தது. பதிவாகும் காட்சியில் 95 சதவீதமே 100டி-யின் சாளரத்தில் தெரிகிறது. விளிம்பில் எட்டிப் பார்க்கும் மின்கம்பமோ அந்நியரின் தோளோ படத்தைத் திரையில் பார்க்கும்போதுதான் வெளிப்படும். மங்கிய மாலையில், சிறுத்த அந்தப் பிம்பத்தை வைத்துக்கொண்டு கையால் ஃபோகஸ் செய்வது சிரமமான காரியம். ஒலிம்பஸ் நிறுவனத்தில் யோஷிஹிசா மைதானி உருவாக்கி, 1972-இல் எம்-1 என்ற பெயரில் வெளிவந்து பின்னர் ஓஎம்-1 ஆன ஃபிலிம் கேமரா 510 கிராம்தான். அதன் சாளரமோ விசாலமானது. ஃபிலிம் சட்டம் பெரிதாதலால் அது எளிதாயிற்று என்பது மெய்யே. ஆயினும் கருவியைச் சுருக்கும்போது கண்ணுக்குரிய பங்கைச் சுருக்கலாகாது என்ற விவேகமும் அந்த வடிவமைப்பில் இருந்தது. 100டி வந்த அதே வருஷத்தில் பென்டாக்ஸ் வெளியிட்ட கே-50, மெய்யான பட்டகமும் முழுக் காட்சியும் கொண்டிருந்தது. பேட்டரியோடு எடை 650 கிராம். அந்த அதிகப்படி எடை முழுவதும் பட்டகத்தைச் சேர்ந்ததல்ல. நடுக்கத்தைத் தடுக்கும் ஏற்பாடும், மழைத்துளி புகாத அடைப்புகளும் அதில் அடக்கம்.

மற்றக் குறைகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். உடல் சிறுத்ததே தவிர லென்ஸ்கள் சிறுக்கவில்லை. கானனின் 24-70 எஃப்/2.8 இரண்டாம் பதிப்பு லென்ஸ் 805 கிராம். அதை 100டி-யில் மாட்டினால், கன்றுக்குட்டியின் மேல் யானை அம்பாரியை ஏற்றியதுபோல, எல்லாம் முன்புறமாகவே சாய்கிறது. திருகுவதற்கு ஒரே சக்கரம் இருப்பதால், முழுக் கட்டுப்பாட்டையும் தானே எடுத்துக்கொள்கிறவர் அப்பர்ச்சரை மாற்ற இன்னொரு பொத்தானையும் சேர்த்து அழுத்த வேண்டும். நிகானின் டி40 போன்ற சிறிய உடல்களில் ஃபோகஸ் மோட்டார் இல்லாமையால், அந்நிறுவனத்தின் பழைய ஆட்டோஃபோகஸ் லென்ஸ்கள் பல அவற்றில் தாமாக ஃபோகஸ் ஆவதில்லை.

கண்ணாடியையே அகற்றிவிட்ட மிரர்லெஸ் கேமராக்கள் 2008-இல் பானசோனிக் ஜி1-உடன் வரத் தொடங்கிய பிறகு, சிறுமையில் அவற்றோடு போட்டியிடுவது எஸ்.எல்.ஆருக்கு இயலாத காரியமாயிற்று. லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே கண்ணாடி எழும்பி விழும் இடத்தை எவரும் ஒழித்துவிட முடியாதல்லவா? எஞ்சி நின்ற ஒரே பெருமை, கண்ணால் நேரில் காணும் அந்தச் சாளரந்தான். அதையே சிக்கனத்துக்குப் பலியிட்டதை நான் பெரும் பிழையென்று கருதுகிறேன்.

இருந்தபோதிலும், இந்தச் சிறிய எஸ்.எல்.ஆர்.களை ஒதுக்கிவிடச் சொல்லமாட்டேன். கானனும் நிகானும் புது முயற்சிகளையெல்லாம் மிரர்லெஸ் பக்கம் திருப்பிவிட்ட இந்நாளில், சிறிய எஸ்.எல்.ஆர். கேமராக்களைப் பெரும்பாலும் பழைய கேமரா விற்கும் கடைகளில்தான் தேட வேண்டியிருக்கிறது. முதன்முதலாகப் படமெடுக்கக் கற்கும் மாணவர் 100டி-யை, 125 கிராமே எடையுள்ள 24 மில்லிமீட்டர் எஃப்/2.8 தட்டை லென்ஸோடு சேர்த்து வாங்கினால் வெகுகாலம் பிரயோஜனப்படும். கனத்த லென்ஸ்களை வைத்திருப்பவர்களும், பெரிய கை படைத்தவர்களும், கையால் ஃபோகஸ் செய்ய விரும்புகிறவர்களும், சற்று எடை கூடினாலும் பட்டகமுள்ள கேமராவையே வாங்க வேண்டும். யாராயினும், பணம் கொடுக்குமுன் கடைக்காரரிடம் கேட்டு வாங்கி, வெளிச்சம் குறைந்த ஒரு மூலையை நோக்கி அந்தச் சாளரத்தில் ஒருமுறை கண்வைத்துப் பாருங்கள்.