இருத்தலியமும் இருளர் குடியிருப்பும்

இருத்தலியம் என்றால் விரக்தி, பசி அறியாத ஐரோப்பியரின் தனிமைப் புலம்பல், மனம்போன போக்கில் வாழ்வதற்கான நியாயம் என்ற கருத்து தமிழ்ப் படிப்பாளிகளிடம் வேரூன்றிவிட்டது. எஸ்.வி. ராஜதுரையின் ‘எக்ஸிஸ்டென்ஷியலிசம்: ஓர் அறிமுகம்’ 1975இல் வெளிவந்து அரை நூற்றாண்டு ஆன பின்னும் அந்தக் கருத்து அகலவில்லை. அது தவறானது, தீங்கானதும்கூட.

இருத்தலியத்தை முன்வைத்த பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் சார்த்தரின் ‘இருத்தலும் இன்மையும்’ 1943இல், ஜெர்மானியப் படையின் பிடியிலிருந்த பாரிசில் வெளிவந்தது. மனிதருக்குப் பிறவியிலேயே எழுதிவைத்த இயல்பு இல்லை, செயல்களே ஒருவரை ஆக்குகின்றன என்பது அதன் அடிப்படை. பிறந்த குடி, உடல், வறுமை ஆகியவற்றை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. அவற்றுக்கு எப்படி முகம்கொடுப்பது என்பதில்தான் சுதந்திரம் இருக்கிறது. ‘தலையெழுத்து’ என்று ஒதுங்குவது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது. பிறருடைய பார்வை ஒருவரைப் பொருளாக்கி முத்திரை குத்துவதையும் அந்நூல் விரிவாக ஆராய்கிறது.

அந்த முத்திரையின் கனத்தை விழுப்புரம், திண்டிவனம் வட்டாரப் பழங்குடியினரான இருளர்கள் அறிவார்கள். துப்புத் துலங்காத திருட்டு வழக்குகளில் இருளர்களைப் பிடித்துச் சென்று சிக்கவைப்பது நெடுங்காலக் கொடுமை. என்ன செய்தார் என்ற கேள்வியே எழுவதில்லை, பிறப்பே சாட்சியாகிவிடுகிறது. செங்கல் சூளையில் முன்பணம் வாங்கிய குடும்பம், கடன் தீரும்வரை சூளையை விட்டு நகர முடியாமல் கிடக்கிறது.

இவர்களிடம் சுதந்திரம் பேசுவது கொடுமை என்பது வலுவான மறுப்பு. இன்னொரு பிரெஞ்சு இருத்தலியரான சிமோன் தி பொவ்வார் 1947இலேயே இதற்கு விடை தந்தார்: தன் சுதந்திரத்தை விரும்புபவர் பிறருடைய சுதந்திரத்தையும் விரும்பியாக வேண்டும். ஒடுக்கப்பட்டவரின் வழியை அடைத்தவர்கள் மனிதர்கள். ஆகவே மனிதரால் அதைத் திறக்கவும் முடியும். சார்த்தரும் 1960இல் வெளியிட்ட நூலில் பற்றாக்குறையையும் கூட்டுச் செயலையும் மையத்துக்குக் கொண்டுவந்தார்.

கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் வந்தது. சட்டம் மட்டும் யாரையும் விடுவிக்கவில்லை; போராட்டமும் தேவைப்பட்டது. 1993இல் விழுப்புரம் வட்டாரத்து அத்தியூரில் இருளர் பெண் ஒருவருக்கு நேர்ந்த வன்கொடுமைக்கு நீதி கேட்டுத் திண்டிவனம் அரசுக் கல்லூரிப் பேராசிரியர் பிரபா கல்விமணி போராடினார். அதன் தொடர்ச்சியாக 1996இல் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் உருவானது. அச்சங்கத்தினர் இருத்தலியத்தின் பெயரால் இயங்கவில்லை. ஆனால் மேலே இருப்பவர்கள் குத்திய முத்திரையை மறுத்து, காவல் நிலையத்தில் துணிந்து புகார் கொடுக்கும் இருளர், அத்தத்துவம் சொல்லும் சுதந்திரத்தைச் செயலில் காட்டுகிறார்.

இருத்தலியத்தை வசதி படைத்தோரின் மனச்சோர்வாகச் சுருக்குவது, சுதந்திரத்தை அவர்களுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, மற்றவர்களுக்கு விதியை மட்டும் விட்டுவைப்பதாகும். பிறப்பால் மனிதரை அளக்கும் சமூகத்தில்தான் இத்தத்துவத்தை அதிகம் படிக்க வேண்டும்.