லாரியில் ஒரு ‘வல்லவன்’

தாப்பாவிலிருந்து மலையேறினால் வளைவுக்கு வளைவு காது அடைக்கும். ரிங்லெட் தாண்டி அது திறந்தபோது, தேயிலைச் சரிவோரம் நின்ற லாரியில் மலேசிய ராப் பாடகர் யோகி பி அலறிக்கொண்டிருந்தார். போயடிக் அம்மோ ராப் குழுவில் அவர் இருந்தபோது பல மொழிகளுக்கு நடுவே தமிழுக்கு ஓர் ஓரம்தான். 2006இல் வந்த ‘வல்லவன்’ தமிழுக்கென்றே போட்ட ஆல்பம். தனி ஆல்பம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கூடப் பாடிய டாக்டர் பர்னும் எம்சி ஜெஸ்ஸும் இல்லாவிட்டால் அதில் பாதிச் சூடு இருக்காது. ஆனாலும் குழுவை விட்டு வந்தவர்களில் இப்படித் தாய்மொழிக்குள் பாய்ந்தவர்கள் குறைவு. லாரி நின்ற சரிவுக்கு வருவோம். 1929இல் தொடங்கிய ‘போ’ தேயிலைத் தோட்டங்களில் நம் பாட்டிமார் விரலால் கொழுந்து கிள்ளினார்கள். இப்போது இங்கே பெட்டி மாட்டிய கத்தரி ‘சறுக் சறுக்’. அதைப் பிடித்திருந்தவர் ஒரு வங்கதேச இளைஞர். பாட்டின் வரி புரியாமலே தாளத்துக்கு வெட்டிக்கொண்டிருந்தார்.