பக்கத்து வீட்டுக்காரரை யார் கேட்டது?

1950களில் அமெரிக்காவின் தென் மாநிலம் ஒன்றிலிருந்து ஒரு கறுப்பினத் தம்பதி வீட்டைக் காலி செய்துகொண்டு கலிபோர்னியாவுக்குக் காரில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். கூரைமேல் மெத்தை, பின்னிருக்கையில் பிள்ளைகள், காலடியில் பாத்திரம் பண்டம். யார் வீடு மாறினாலும் இதெல்லாம் இருக்கும். ஆனால் அவர்கள் இன்னும் சிலவற்றை ஏற்றியாக வேண்டியிருந்தது. இரண்டு மூன்று நாளைக்குத் தாங்குகிற மாதிரி பொரித்த கோழி, அவித்த முட்டை, ரொட்டி. நிறையத் தண்ணீர். வண்டிக்குள்ளேயே படுக்கப் போர்வை. கேனில் பெட்ரோல். பிள்ளைகளின் அவசரத்துக்கு ஒரு காலி டப்பா. கையில் காசில்லாமல் அல்ல. வழியில் இருந்த சாப்பாட்டுக் கடைகளும் விடுதிகளும் கழிப்பறைகளும் பெரும்பாலும் அவர்களை உள்ளே விடாது என்பதால்.

சிலர் கார் ஓட்டுநர்கள் போடும் தொப்பி ஒன்றையும் வண்டியில் வைத்திருந்தார்கள். போலீஸ் மறித்து, “இது யார் கார்?” என்று கேட்டால், “முதலாளி காருங்க, கொண்டுபோய் விடப் போறேன்” என்று சொல்லித் தப்பிக்க. பக்கத்தில் இருக்கும் மனைவி அந்த நேரத்துக்கு முதலாளி வீட்டு வேலைக்காரி ஆகிவிடுவார். தன் உழைப்பில் வாங்கிய காரைத் தன்னுடையது என்று சொல்ல முடியவில்லை. புது வண்டி வாங்கிய நம் பையன் ஊர்த் தெரு வந்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டு போன கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

1910களில் தொடங்கி 1970 வரை ஏறத்தாழ 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கை விட்டு வெளியேறினார்கள். ரயிலில், பஸ்ஸில், கார் வாங்க முடிந்தவர்கள் காரில். தெற்கில் ரயிலிலும் பஸ்ஸிலும் கறுப்பினத்தவருக்குத் தனி இடம். கார் அந்த அவமானத்திலிருந்து விடுதலை கொடுத்தது. ஆனால் கார் ஓடிக்கொண்டிருக்கும் வரைதான் அந்த விடுதலை. நின்றால் பழைய கதைதான். பொழுது சாய்வதற்குள் ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்று எல்லையில் பலகை நட்ட ஊர்கள் தெற்கில் மட்டுமல்ல, வடக்கிலும் மேற்கிலும் இருந்தன.

இந்தப் பயணிகளுக்காகவே ஒரு புத்தகம் வந்தது. நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில் வாழ்ந்த தபால்காரர் விக்டர் ஹ்யூகோ கிரீன் 1936இல் அதை வெளியிட்டார். ‘கிரீன் புக்’ என்று பெயர். எந்த ஊரில் எந்த விடுதியில் தங்கலாம், எந்தக் கடையில் சாப்பிடலாம், எந்தச் சலூனில் முடி வெட்டுவார்கள், விடுதியே இல்லாத ஊரில் எந்த வீட்டில் இரவு படுக்க இடம் தருவார்கள் என்ற பட்டியல்தான் முழுக்க. எஸ்ஸோ நிறுவனத்தின் பெட்ரோல் பங்குகளில் விற்றது. 1960இல் கிரீன் இறந்த பிறகு அவருடைய மனைவி ஆல்மா பதிப்பைத் தொடர்ந்தார். பொது இடங்களில் நிறபேதம் கூடாது என்ற சிவில் உரிமைச் சட்டம் 1964இல் வந்தது. 1966-67ஆம் ஆண்டுப் பதிப்போடு புத்தகம் நின்றுபோனது. இந்தப் புத்தகத்துக்குத் தேவையே இல்லாத நாள் வர வேண்டும் என்று கிரீன் முன்பே எழுதி வைத்திருந்தார். தான் போட்ட கடை மூடப்பட வேண்டும் என்று விரும்பிய வியாபாரி உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

நாம் சொல்ல வந்தது ஒரு குறிப்பிட்ட இரவைப் பற்றி. லூசியானா மாநிலத்தின் மன்றோ நகரைச் சேர்ந்த ராபர்ட் பெர்ஷிங் ஃபாஸ்டர் ஓர் அறுவை சிகிச்சை மருத்துவர். ராணுவத்தில் கேப்டனாக இருந்தவர். ஆனாலும் சொந்த ஊர் மருத்துவமனையில் அவருக்கு இடமில்லை. 1953இல் லாஸ் ஏஞ்சலிஸில் குடியேற முடிவு செய்து, மனைவியையும் பெண் குழந்தைகளையும் மாமனார் வீட்டில் விட்டுவிட்டு, முதலில் தான் மட்டும் காரில் கிளம்பினார். வேலையும் வீடும் பார்த்துவிட்டு அவர்களை அழைத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. நம் வீடுகளிலும் இப்படித்தானே, முதலில் ஆம்பிளை போய் வீடு பார்ப்பான், பிறகு குடும்பம் போகும். 2,500 கிலோமீட்டருக்கு மேல் தூரம்.

தெற்கைத் தாண்டிவிட்டோம், இனி பயமில்லை என்று நினைத்த இடத்தில், அரிசோனாவில், விடுதி விடுதியாக ஏறி இறங்கினார். இடமிருக்கிறது என்று வெளியே விளக்கு எரியும். உள்ளே போனால் இப்போதுதான் கடைசி அறை போனது என்பார்கள். ஓர் இடத்தில் மட்டும் விடுதி நடத்திய வெள்ளையரும் அவர் மனைவியும் அவர் பேச்சைக் கேட்டார்கள். இருவரும் வட மாநிலமான இல்லினாயிலிருந்து வந்தவர்கள். உள்ளே போய்க் கலந்து பேசினார்கள். திரும்பி வந்து, சுற்றியிருப்பவர்களின் எண்ணம் தங்களுக்கு இல்லை என்றும், ஆனால் அவருக்கு அறை கொடுத்தால் மற்ற விடுதிக்காரர்கள் தங்களை ஒதுக்கிவிடுவார்கள் என்றும் சொன்னார்கள். கெட்டவர்கள் இல்லை. வருத்தத்தோடுதான் சொன்னார்கள். ஆனால் அறை கிடைக்கவில்லை. தூக்கம் கண்ணைக் கட்ட, மலைப் பாதையில் இரவெல்லாம் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார் அந்த மருத்துவர்.

இதை இசபெல் வில்கர்சன் என்ற கறுப்பினப் பத்திரிகையாளர் பதிவு செய்திருக்கிறார். 1,200 பேருக்கு மேல் சந்தித்துப் பேசி அவர் எழுதிய நூல் 2010இல் வந்தது. அதே வில்கர்சன்தான் 2020இல் ‘காஸ்ட்’ என்ற அடுத்த நூலை எழுதி, அமெரிக்க நிறவெறியைப் புரிந்துகொள்ளச் சாதி என்ற சொல்தான் சரி என்று வாதிட்டார். அவர் சாதியைத் தேடி இந்தியாவுக்கு வந்ததில் நமக்கு வியப்பில்லை. அந்த அரிசோனா தம்பதி சொன்ன பதிலை நம் தலைவர் 36 ஆண்டுகளுக்கு முன்பே பரோடாவில் கேட்டிருந்தார்.

1917இல் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்த அம்பேத்கர், உதவித்தொகை தந்த பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேரப் போனார். தங்க இடமில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் பதிந்துகொண்டு தங்கினார். பெரிய வீடு, வேறு யாரும் இல்லை, ராத்திரியில் விளக்கு வெளிச்சம்கூடச் சரியாக இல்லை. பதினோராவது நாள் காலை பார்சிகள் கூட்டமாகக் கம்புகளோடு படியேறி வந்தார்கள். சாயங்காலத்துக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. பரோடாவில் அவருக்கு இரண்டு நண்பர்கள் இருந்தார்கள். ஒருவர் இந்து, ஒருவர் கிறிஸ்தவர். இந்து நண்பரிடம் போனார். அவர் கோபப்பட்டார், வருத்தப்பட்டார், பிறகு சொன்னார்: நீ என் வீட்டுக்கு வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள். கிறிஸ்தவ நண்பர், நாளை வரும் மனைவியைக் கலந்துகொள்ள வேண்டும் என்றார். ஒருவருக்கு வேலைக்காரர், ஒருவருக்கு மனைவி, அரிசோனாவில் அக்கம்பக்கத்து விடுதிக்காரர். மறுப்பவருக்கு மட்டும் ஆட்சேபணையே கிடையாது! அம்பேத்கர் ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு 9 மணி ரயிலில் பம்பாய் திரும்பினார். இந்தியாவில் மிக அதிகம் படித்தவர்களில் ஒருவருக்கு ஓர் ஊரில் வேலை இருந்தது, வீடு இல்லை.

இப்போது நம் மாவட்டத்துக்கு வருவோம். ஜூன் மாதம் பிறந்தால் குட்டியானை வண்டிகளில் கட்டில், பீரோ, கேஸ் அடுப்பு ஏற்றிக்கொண்டு நம் பிள்ளைகள் ஊர் ஊராகப் போகிறார்கள். புதிதாகக் கல்யாணமானவர்கள். ஒருவர் ஆசிரியை, ஒருவர் வங்கி ஊழியர். அல்லது ஒருவர் நர்ஸ், ஒருவர் கம்பெனி சூப்பர்வைசர். சுங்கச்சாவடியில் சாதி கேட்பதில்லை. நெடுஞ்சாலை டீக்கடையில் இப்போது ஒரே டம்ளர்தான். வண்டி ஓடிக்கொண்டிருக்கும் வரை பிரச்சினை இல்லை. நின்ற இடத்தில் கேள்வி தொடங்குகிறது.

நேராகக் கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள். “சொந்த ஊர் எது?” “ஊர்ல எந்தத் தெரு?” “குலதெய்வம் எங்க?” “அப்பா என்ன பண்றார்?” “நான்வெஜ் எடுப்பீங்களா?” இந்த ஐந்து கேள்விக்குள் வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு வருவது அந்த அரிசோனா பதில்தான். “எங்களுக்கு ஒண்ணும் இல்லப்பா, நாங்க அதெல்லாம் பாக்கிறதில்ல. கீழ்வீட்டுக்காரங்கதான் ஒரு மாதிரி.” புரோக்கர் முன்கூட்டியே காதில் ஓதுவார்: “ஊர் பேரை மட்டும் மாத்திச் சொல்லிடுங்க சார்.” வீடு கிடைத்தவர்களிலும் சிலர் அம்பேத்கர் படத்தைப் பெட்டியிலிருந்து எடுப்பதில்லை. சொந்தக்காரர்களை வரச் சொல்வதில்லை. அந்தக் கார் ஓட்டுநர் தொப்பிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கீழ்வீட்டுக்காரர் என்பவர் பெரும்பாலும் ஒரு கற்பனை மனிதர் என்பது நம் கருத்து. அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டிருந்தால் ஒருவேளை, “எனக்கென்ன, நல்ல ஆளா இருந்தா சரி” என்று சொல்லியிருக்கவும் கூடும். ஒவ்வொருவரும் அடுத்தவர் பெயரைச் சொல்லிக் கதவைச் சாத்துவதால், தெருவே சாத்திக்கிடக்கிறது. சாத்தியவர் என்று கைகாட்ட ஓர் ஆள்கூட இல்லை. “எங்களுக்கு ஒண்ணும் இல்ல” என்று சொல்கிறவரை நல்லவர் என்று நினைத்து நாம் நன்றி சொல்லிவிட்டு வருகிறோமே, அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்கு வீடு விற்கக் கூடாது என்ற பத்திர நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்று 1948இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாடகையிலும் விற்பனையிலும் பேதம் காட்டுவதைத் தடுக்கும் வீட்டுவசதிச் சட்டம் 1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில்தான் கையெழுத்தானது. அதிலும் உரிமையாளர் தானும் குடியிருக்கும், நான்கு குடித்தனம் வரையிலான கட்டடத்துக்கு விலக்கு உண்டு. நம்மிடம் அதற்கு முன்பே, 1955இலேயே சட்டம் இருக்கிறது. மக்கள் பி.சி.ஆர். என்று சொல்கிற அதே சட்டம். எந்தப் பகுதியிலும் வீடு கட்டவோ, வாங்கவோ, குடியிருக்கவோ தீண்டாமை காரணமாகத் தடை போடுவது அதன் 4ஆவது பிரிவின்படி குற்றம். ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. மாடியில் தானே குடியிருக்கிறேன் என்ற விலக்கெல்லாம் அதில் இல்லை.

சாதிக்காகத்தான் மறுத்தார் என்று எப்படி நிரூபிப்பது என்று படித்தவர்களே கேட்கிறார்கள். 12ஆவது பிரிவைப் படிக்க வேண்டும். இந்தச் சட்டத்தில் குற்றமாகச் சொல்லப்பட்ட செயல் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவருக்கு எதிராக நடந்திருந்தால், மாற்றி நிரூபிக்கப்படும் வரை அது தீண்டாமை காரணமாகவே நடந்ததாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும். 1955இன் சட்டம் இவ்வளவு தூரம் நமக்காக நடந்து வந்திருக்கிறது. நாம்தான் அதை எடுத்து நீட்டுவதில்லை. வேலை முக்கியம், அலைய முடியாது, அடுத்த வீடு பார்ப்போம் என்று போய்விடுகிறோம். புது ஊரில் முதல் வாரமே காவல் நிலையம் போக யாருக்கு மனது வரும் என்பதும் நியாயம்தான்.

எந்தத் தெருவில் நமக்கு வீடு தருவார்கள் என்று நம் இளைஞர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். நல்லது, அது நம்முடைய கிரீன் புக். ஆனால் கிரீன் எழுதிய பட்டியல் கொடுத்தவர்களின் பட்டியல். நமக்கு மறுத்தவர்களின் பட்டியலும் வேண்டும். எந்தத் தெரு, என்ன தேதி, என்ன கேட்டார்கள், என்ன பதில் சொன்னார்கள், கூட யார் இருந்தார்கள், அதே வீடு பிறகு யாருக்குப் போனது. கல்லூரி மாணவர்கள் இதை ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். தனி ஆளாக ஒரு தம்பதி கொடுக்கும் புகாரைவிட, ஒரே நகரத்திலிருந்து இருபது பேர் கையெழுத்துப் போட்ட மனு திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியர் கைக்குப் போனால் கனம் வேறு. வன்கொடுமை தொடர்பான தேசிய உதவி எண் 14566 தமிழிலும் பேசும். மனுவில் சட்டத்தின் ஆண்டையும், 4, 12 என்ற இரண்டு பிரிவு எண்களையும் தவறாமல் எழுதுங்கள். நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள்.