பெனரில் இல்லாத பிள்ளைகள்

கொஞ்சம் கசப்பாகத்தான் எழுதப் போகிறேன். கோபிக்கிறவர்கள் கோபியுங்கள்.

போன முறை தரம் 5 புலமைப்பரிசிலில் என் வகுப்பில் 9 பிள்ளைகள் வெட்டுப்புள்ளிக்கு மேல். சந்தியில் பெனர், எனக்குப் பொன்னாடை. மிச்சம் 22 பேருக்கும் படிப்பித்தது நான்தானே? அந்தக் கணக்கை யாரும் கேட்கவில்லை. ஒரு பிள்ளை மட்டும் உம்மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "ஸேர், நான் ஃபெயிலா?" என்றது. பத்து வயசு.

கன்னங்கர காலத்தில் வறிய கிராமத்துப் பிள்ளையை மத்திய கல்லூரிக்குக் கொண்டுபோகவே புலமைப்பரிசில் வந்தது. இன்று 3 இலட்சத்துக்கு மேல் எழுதுகிறார்கள், உதவிப்பணம் சுமார் 20,000 பேருக்குத்தான். அதுவும் மாதம் 750 ரூபாவாக இருந்து 2025 பட்ஜெட்டில்தான் 1,500 ஆனது. ரியூஷனுக்கு நாம் அதைவிடக் கூடக் கொட்டுகிறோம். கொட்ட முடியாத வாப்பாவின் பிள்ளைக்காக வந்த பரீட்சை இது!

குற்றம் யாருடையது? பெற்றோர் பெனரைப் பார்த்துப் பாடசாலை தேடுகிறார்கள். அதிபருக்கு அந்தப் பயம். வலயக் கூட்டத்திலும் முதலில் கேட்பது சித்தி வீதம். அதிபர் என்னை நெருக்க, நான் சித்திரப் பாடத்தையும் விளையாட்டையும் வெட்டி மொடல் பேப்பர் கொடுக்கிறேன். பிள்ளை பின்தங்குகிறது என்று உம்மா தரம் 3இலேயே ரியூஷனுக்கு அனுப்புகிறார். புள்ளி கூடுகிறது, பெனர் பெரிதாகிறது, மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொருவரும் தன் இடத்தில் நியாயமாகத்தான் நடக்கிறோம். எல்லாம் சேர்ந்து பிள்ளையை நசுக்குகிறது. 150 எடுத்த பிள்ளைக்குத் தரம் 6இல் சொந்தமாக ஒரு பந்தி எழுத வராது. எத்தனை பேரைக் கண்டுவிட்டேன்.

பரீட்சையை ரத்துச் செய்தால் சரி என்கிறார்கள். நல்ல பாடசாலைகள் நாலைந்து மட்டும் இருக்கும்வரை வாசலில் வேறொரு வடிகட்டி வரும். நேர்முகப் பரீட்சை, நன்கொடை, தெரிந்த ஆள். பக்கத்துப் பாடசாலைக்கு விஞ்ஞான ஆசிரியர் இல்லாததை விட்டுவிட்டுப் பரீட்சையோடு மட்டும் சண்டை பிடித்து என்ன பயன்?

அமைச்சு நம் கையில் இல்லை. பெனர் நம் கையில். பழைய மாணவர் சங்கமும் பள்ளி நிர்வாகமும் இம்முறை அந்தக் காசில் தரம் 3 வகுப்புக்குக் கதைப் புத்தகம் வாங்கித் தாருங்கள். பொன்னாடையும் எனக்கு வேண்டாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பாடசாலையில் இருப்பேன். மறுப்பிருந்தால் நேரில் வந்து பேசுங்கள்.