160-ஆம் இடம்

புணே போபோடியில் எங்கள் தெருவில் ஒரு பையனைக் கூப்பிட்டு இந்தியப் பெண் டென்னிஸ் வீராங்கனை பேர் சொல்லச் சொன்னால், சானியா என்பான். அடுத்த பேர்? தலையைச் சொறிவான். நான் எதிர்பார்க்கும் பேர் அங்கிதா ரெய்னா. அகமதாபாத்தில் பிறந்த அவர், பயிற்சியாளர் ஹேமந்த் பேந்த்ரேயிடம் பயிற்சி பெறுவதற்காகப் பதின்மூன்று பதினாலு வயதிலேயே புணே வந்துவிட்டவர். 2018 ஆசியப் போட்டியில் ஒற்றையர் வெண்கலம். 2020-இல் ஒற்றையர் தரவரிசையில் உலகில் 160-ஆம் இடம்.

“160 தானா?” என்று உதட்டைப் பிதுக்குபவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உலகத்திலேயே உங்கள் தொழிலில் 160-ஆவது ஆள் நீங்கள் என்றால் வீட்டு வாசலில் பந்தல் போட மாட்டீர்களா? அந்த இடத்தில் இருப்பவருக்கு கிராண்ட் ஸ்லாமில் நேரடி இடம் இல்லை. தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டம் ஜெயிக்க வேண்டும். 2021 ஆஸ்திரேலிய ஓபனுக்காக துபாயில் இரண்டு ஜெயித்து, மூன்றாவதில் தோற்றார் அங்கிதா. அடுத்த மாதமே மெல்போர்னில் கமிலா ரகிமோவாவுடன் இரட்டையர் பட்டம். அதை எத்தனை பேர் கவனித்தோம்? (1998-இல் அதே ஆஸ்திரேலிய ஓபனில் பிரதான சுற்று ஆட்டம் ஒன்றை ஜெயித்த கோயம்புத்தூர் நிருபமா வைத்தியநாதனையே மறந்த ஊர்க்காரர்கள்தானே நாம்.) இத்தனைக்கும் பயிற்சியாளர் சம்பளம், விமான டிக்கெட், ஓட்டல் வாடகை எல்லாம் பெரும்பாலும் ஆட்டக்காரர் தலையில். முதல் சுற்றில் தோற்ற வாரம் கைக்காசு போன வாரம்.