மஞ்சக் கடுதாசி கொடுக்கவும் யோக்கியதை வேணும்

"அய்.பி. குடுக்கறதுக்கும் ஒரு யோக்கியதை வேணும்மா."

செங்கல்பட்டில் ஒரு வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா என் அத்தையிடம் சொன்னது இது. கிண்டலாகச் சொல்லவில்லை. நல்லது சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில் இருக்கிறது அத்தையின் சேரி. மாமா மாமல்லபுரத்தில் ஒரு கல் பட்டறையில் பாலிஷ் போடுகிற வேலை செய்தவர். சிலைக்குக் கண் திறக்கிறவர் வேறே, தூசியைத் தின்கிறவர் வேறே. மாமா தூசி தின்றவர். நெஞ்சு அடைத்துப் போய்ச் சேர்ந்தார். ஆஸ்பத்திரிக்கு ஒரு கடன். சாவுக்கு ஒரு கடன். மகன் படிப்புக்கு வங்கிக் கடன், அதில் அத்தையின் கையெழுத்தும் இருக்கிறது. அப்புறம் அந்தக் கடனை அடைக்க இந்தக் கடன். மகளிர் குழுக் கடன் ரெண்டு, தண்டல் ஒன்று, மளிகைக்கடை பாக்கி. கூட்டிப் பார்த்தால் ரெண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. அத்தையின் வருமானம் ஒரு ரிசார்ட்டில் பெருக்கித் துடைக்கிற கூலி.

குமாஸ்தா கேட்டார்: "சொத்து இன்னா இருக்குது?"

"ஒண்ணுமில்ல சார். பொறம்போக்குல ஒரு வூடு. தாலியில ரெண்டு குண்டு."

"அப்ப எதுக்கும்மா அய்.பி.? சொத்து வெச்சிருக்கறவன் குடுக்கறது அது."

அதற்கப்புறம்தான் அந்த யோக்கியதை வார்த்தை.

நான் எம்.ஏ. தமிழ் படித்தவன். கடன்பட்டவனின் நெஞ்சக் கலக்கத்தை உவமையாகச் சொல்லி மேடையில் கைத்தட்டல் வாங்குகிற தமிழை அய்ந்து வருடம் படித்தேன். கடன்பட்ட ஒரு பொம்பளைக்குச் சட்டம் என்ன சொல்கிறது என்று ஒருத்தரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நானே தேடிப் படிக்க வேண்டியிருந்தது. படித்ததை இங்கே எழுதுகிறேன்.

அய்.பி. என்றால் இன்சால்வென்சி பெட்டிஷன், நொடிப்பு மனு. ஊரில் மஞ்சக் கடுதாசி, மஞ்சள் நோட்டீஸ் என்பது இதைத்தான். இதற்கு வெள்ளைக்காரன் ரெண்டு சட்டம் போட்டான். சென்னை, பம்பாய், கல்கத்தா போன்ற மாநகரங்களுக்கு 1909ல் ஒன்று. மற்ற இடங்களுக்கு 1920ல் மாகாண நொடிப்புச் சட்டம். நிலத்தில் ஊர், சேரி என்று பிரித்த மாதிரி சட்டத்திலும் பட்டணம், மொபசல். செங்கல்பட்டுக்கு 1920ஆம் வருடச் சட்டம்தான்.

அந்தச் சட்டப்படி குமாஸ்தா சொன்னது தப்பு. கடனைக் கட்ட முடியாத நிலையில் இருந்து, கடன் 500 ரூபாயைத் தொட்டாலே ஒருத்தர் மனுக் கொடுக்கலாம். சொத்து இல்லாதவர் கொடுக்கக்கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை. சொற்பச் சொத்துக்காரருக்குச் சுருக்கமான விசாரணை என்றுகூட ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். கோர்ட் ஒருவரை நொடித்தவர் என்று அறிவித்தால் அவர் சொத்து கோர்ட்டுக்கோ, கோர்ட் நியமிக்கிற ரிசீவருக்கோ போகும். ரிசீவர் அதை விற்றுக் கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிடுவார். உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழில் சாமான், கூலிக்காரன் குடியிருக்கும் சொந்த வீடு, பெண் கழற்றக்கூடாத தாலி இவற்றில் கைவைக்க முடியாது. சிவில் நடைமுறைச் சட்டம் 60ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. கடைசியில் கோர்ட் விடுதலை உத்தரவு கொடுத்தால், அரசாங்கத்துக்குக் கட்டவேண்டியது, மோசடியால் வந்தது போன்ற சில கடன்கள் தவிர மற்றதெல்லாம் தீர்ந்தது. கடனிலிருந்து மனுசனுக்கு விடுதலை உண்டு என்பதைச் சட்டமே ஒத்துக்கொள்கிறது.

அப்படியென்றால் நம் சேரியிலிருந்து யாராவது இந்த வாசல் வழியாக வெளியே வந்திருக்கிறார்களா? எனக்குத் தெரிந்து ஒருத்தரும் இல்லை. அது ஏன்?

குமாஸ்தாவின் யோக்கியதை இந்த இடத்தில்தான் வேலை செய்கிறது. இந்தச் சட்டம் சொத்தை நடுவில் வைத்துக் கட்டியது. கோர்ட்டுக்குச் சொத்தைக் கொடு, கோர்ட் உனக்கு நிம்மதியைக் கொடுக்கும். கொடுக்க எதுவும் இல்லாதவன் வக்கீலுக்கு எங்கே கொடுப்பான்? கெஜட்டில் பேர் வரும், கடன் கொடுத்த எல்லாருக்கும் நோட்டீஸ் போகும். விடுதலை கிடைக்காத காலத்தில் தன் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாய் கடன் வாங்கினால்கூட ஆறு மாதம் வரை ஜெயில் போடலாம். 1920ல் வைத்த 50 ரூபாய் அது. இன்றைக்கு மளிகைக் கடையில் அரிசி கடன் சொன்னாலே 50 ரூபாயைத் தாண்டிவிடும். உள்ளாட்சித் தேர்தலிலும் நிற்க முடியாது. அந்தத் தடை நீங்க வேண்டுமென்றால், நடத்தைக் குற்றத்தால் அல்ல, துரதிர்ஷ்டத்தால்தான் நொடித்தேன் என்று கோர்ட்டில் சான்று வாங்க வேண்டும். நாம் பிறந்ததிலிருந்து தாசில்தார் ஆபீசில் வாங்கி வைத்திருக்கும் சான்றிதழ் அதற்குச் செல்லாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய பூட்டு ஒன்று இருக்கிறது. இந்த விவரத்தையெல்லாம் அத்தையிடம் சொன்னேன். இலவச சட்ட உதவி இருக்கிறது, செலவில்லை, போடலாம் என்றேன். அத்தை கேட்டார்:

"நான் குடுத்துட்டா குழுக் கடன் இன்னா ஆவும்?"

"உன் பங்கு தீரும் அத்தே."

"என் பங்கு தீரும். யாரு கட்றது?"

நான் மறுபடி சட்டத்தைப் பார்த்தேன். 44ஆம் பிரிவு. கடனாளிக்கு விடுதலை கிடைத்தாலும், கூட்டாகப் பொறுப்பேற்றவர்களையும் ஜாமீன் போட்டவர்களையும் அது விடுவிக்காது. குழுவில் ஒருத்திக்கு ஒருத்தி ஜாமீன். அத்தைக்கு விடுதலை கிடைத்தால் அந்தச் சுமை பக்கத்து வீட்டில் பீடி இலை நறுக்குகிற பெண் தலையில் இறங்கும்.

"நான் கரையேறி அவள முழுவ வுடறதா கண்ணு? வேணாம்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. திவால் சட்டம் கடனாளியைத் தனி மனுசனாகப் பார்க்கிறது. நுண்கடன் கம்பெனிக்காரன் நம்மை நன்றாகப் படித்தவன். நமக்குச் சொத்து இல்லை என்று தெரியும். ஆனால் நமக்குள் மானம் இருக்கிறது, ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று தெரியும். அந்த ஒற்றுமையைத்தான் அடமானமாக எழுதி வாங்கியிருக்கிறான். பணக் கடனுக்காகப் பெண்களைக் கைது செய்ய முடியாது என்று சிவில் நடைமுறைச் சட்டம் 56ஆம் பிரிவு சொல்கிறது. அவனுக்கு அந்தக் கவலையே இல்லை, அவன் கோர்ட்டுக்குப் போவதில்லை. காலையில் வாசலில் வந்து உட்கார்ந்துகொள்கிறான். கந்துவட்டிக்கு எதிராக 2003ல் ஒரு சட்டம், கடன் வசூலில் மிரட்டலைக் குற்றமாக்கி 2025ல் ஒரு சட்டம் தமிழ்நாட்டில் வந்தன. நல்லதுதான். ஆனால் மிரட்டாதே என்பது வேறே, கடனைத் தீர் என்பது வேறே.

கடன் நிவாரணம் என்ற பேரில் நம்மைத் தாண்டிப்போன கதை பழசு. 1938ல் ராஜாஜி மந்திரிசபை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. வட்டியை வெட்டியது, கடனைக் குறைத்தது. யாருக்கு? 'விவசாயி'க்கு. விவசாயி யார்? நிலத்தில் உரிமையோ குத்தகைப் பாத்தியமோ உள்ளவன். சேற்றில் நின்ற கூலிக்காரன் அந்தச் சட்டத்தின் கண்ணில் விவசாயி இல்லை.

நமக்கு நிலம் கிடைத்த கதையும் இந்த மண்ணில்தான் ஆரம்பித்தது. செங்கல்பட்டுக் கலெக்டர் டிரமென்ஹீர் 1891ல் அறிக்கை எழுதினார். பறையர்கள் கடனாலேயே பண்ணையில் கட்டிப்போடப்பட்டிருந்ததும் அதில் உண்டு. 1892ல் பஞ்சமி நிலத்துக்கான அரசாணை வந்தது. பத்து வருடம் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது, அதற்கப்புறமும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே, மீறினால் செல்லாது என்று நிபந்தனை. அப்புறம் நிலம் எப்படிப் போனது? எங்கள் தாத்தா ஒரு கல்யாணச் செலவுக்குக் கைநாட்டு வைத்தார். மூன்று போகம் ஆண்டையே அறுத்துக்கொண்டான். நாலாவது வருடம் பட்டா அவன் பேரில் இருந்தது.

இங்கே ஒரு கணக்கு போடுங்கள். கடன் கொடுத்தவரை ஏமாற்ற ஒருவன் சொத்தை மச்சான் பேரில் எழுதிவைத்துவிட்டு ரெண்டு வருடத்துக்குள் நொடித்துப்போனால், நொடிப்புச் சட்டம் 53ஆம் பிரிவின்படி அந்தப் பத்திரத்தை ரிசீவர் உடைக்கலாம். கடன் கொடுத்தவனுக்காகச் சட்டம் பின்னோக்கி நடக்கும். கடனாளியான பஞ்சமனை ஏமாற்றி எழுதிய பத்திரமோ எத்தனை வருடமானாலும் செல்லாது என்று அரசாணையே சொல்கிறது. அதற்காக மட்டும் சட்டத்துக்குக் கால் வராது. கால் வரவைக்க நாம் நடந்தோம். மாமல்லபுரத்தை ஒட்டிய காரணையின் பஞ்சமி நிலத்துக்காக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டபோது துப்பாக்கி பேசியது. ஜான் தாமஸ், ஏழுமலை ரெண்டு பேரும் செத்தார்கள். அவர்களை நிலப்போராளிகள் என்கிறோம், சரி. கடனுக்குப் பறிபோனதைத் திருப்பிக் கேட்டவர்கள் என்றும் சொல்ல வேண்டும்.

இப்போது 2016க்கு வருவோம். நொடிப்பு, திவால் சட்டத் தொகுப்பு வந்தது. முதலில் கம்பெனிகளுக்கு அமலானது. கம்பெனிக்கு ஜாமீன் போட்ட முதலாளிகளுக்கு 2019 டிசம்பர் 1ல் அமலானது. அதே தொகுப்பில் ஏழைக்கும் 'புதிய தொடக்கம்' என்று ஒரு அத்தியாயம் எழுதினார்கள். வருட வருமானம் 60,000 ரூபாய்க்குள், சொத்து 20,000க்குள், கடன் 35,000க்குள் இருக்க வேண்டும், சொந்த வீடு இருக்கக்கூடாது. இதற்குள் அடங்கினால் கடனைத் தள்ளிவிடலாம். அத்தையின் ஒரு குழுக் கடனே அந்த 35,000த்தைத் தாண்டும். மகனின் கல்விக் கடன் தள்ளுபடிக்கு ஆகாத கடன் என்று தனியாக ஒதுக்கிவிட்டார்கள். முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவனின் கடன் அபராதத்தோடும் ஜீவனாம்சத்தோடும் ஒரே பட்டியலில் நிற்கிறது. இந்த அரைகுறை அத்தியாயத்தையும் 2019ல் அமலுக்குக் கொண்டுவராமல் தூங்கப் போட்டார்கள். பழைய சட்டங்களை நீக்கும் பிரிவும் அதோடு தூங்கியது. அதனால்தான் நமக்கு இன்னும் 1920.

கம்பெனிக்கு என்ன நடந்தது? அலோக் இண்டஸ்ட்ரீஸ் என்ற ஜவுளிக் கம்பெனி மேல் ஏற்கப்பட்ட கடன் 29,500 கோடிக்கு மேல். தீர்வில் கிடைத்தது 5,000 கோடி சுமார். மிச்சம் போனது போனதுதான். வங்கிக்காரர்கள் இதை 'ஹேர்கட்' என்கிறார்கள். முடிவெட்டு! சேரிக்காரன் வந்தால் கத்தரிக்கோலைக் கீழே வைக்கிற சலூன்கள் உள்ள நாட்டில் கம்பெனிக்கு 24 ஆயிரம் கோடிக்கு முடிவெட்டுகிறார்கள். அவன் நொடித்தால் தொழிலில் நட்டம். நாம் நொடித்தால் ஓடுகாலி, குடிகாரன், நாணயம் இல்லாதவன்.

நம் பக்கத்தையும் கேட்க வேண்டியிருக்கிறது. வன்கொடுமை என்றால் ஓடுகிறோம். சிலை உடைந்தால் ஓடுகிறோம். வாசலில் வசூல்காரன் உட்கார்ந்திருந்தால் "குடும்ப விசயம்" என்று கதவைச் சாத்திக்கொள்கிறோம். கடன் குடும்ப விசயம் இல்லை. 2019ல் காஞ்சிபுரம், வேலூர்ப் பக்கம் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டபோது ஒரு முதியவர் அதிகாரியின் காலில் விழுந்து கிடந்த படத்தை எல்லோரும் பார்த்தோம். அவர்களைக் கட்டிவைத்தது முன்பணம் என்ற கடன்.

அவர்களை அவிழ்த்துவிட்ட சட்டத்தைப் பாருங்கள். 1976ஆம் வருடக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம். கொத்தடிமைக் கடன் அன்றோடு ஒழிந்தது, கட்ட வேண்டாம், வசூலித்தால் குற்றம் என்கிறது. அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கிற பொறுப்பும் கொடுத்தவன் தலையில். சொத்து எங்கே என்று கேட்காமல், கெஜட்டில் அவமானப்படுத்தாமல் கடனைத் தீர்க்கச் சட்டத்துக்குத் தெரியும் என்பதற்கு அதுவே சாட்சி. மனசு வைத்தால் முடியும்.

ஆகவே கேட்போம். தூங்கும் அத்தியாயத்தை எழுப்பு, வரம்பை இன்றைய கூலிக்கும் விலைக்கும் தக்கபடி உயர்த்து. கல்விக் கடனையும் சேர். குழுவில் ஒருத்திக்கு விடுதலை கிடைத்தால் அவள் பங்கு மற்றவள் தலையில் விழக்கூடாது என்று எழுது. பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கொடு.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். 1987ஆம் வருடச் சட்டப்படி தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்கள் எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் கதவைத் தட்டுங்கள். அதற்கு முன்னால் ஒரு நோட்டு வாங்குங்கள். போன மாதம் அத்தையின் குழுவில் பத்துப் பெண்களும் உட்கார்ந்து எழுதினார்கள். வாங்கியது எவ்வளவு, கையில் வந்தது எவ்வளவு, கட்டியது எவ்வளவு, வாசலில் கேட்ட வார்த்தை என்ன. நாலு பேர் வாங்கியதைவிட அதிகம் கட்டி முடித்திருந்தார்கள், அது அன்றைக்குத்தான் அவர்களுக்கே தெரிந்தது.

அத்தை நோட்டை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்: "ஒருத்தியா போனாத்தான கண்ணு பக்கத்தூட்டுக்காரி தலையில வுழும்? பத்து பேரும் சேந்து போனா?"

அடுத்த முறை செங்கல்பட்டுக்குப் பத்துப் பேராகப் போகிறோம். அந்த நோட்டும் கூட வரும்.